கேள்வி - பதில்: சலீமின் கவசம் இரும்பா, அட்டையா?

கேள்வி: ‘மொகல்-ஏ-ஆஸம்’ இந்திப் படத்தைப் பேரனோடு உட்கார்ந்து பார்த்தேன். போர்க்களத்தில் இளவரசர் சலீமாக வரும் திலீப் குமாரின் கவசம் நிஜ இரும்பா, அட்டையில் பெயின்ட் அடித்ததா என்று துளைத்தெடுக்கிறான். என்ன சொல்ல?
- வாசகி, கும்பகோணம்

பதில்: அட்டை இல்லை அம்மா. வாள், கேடயம், ஈட்டி, கவசம் எல்லாம் ராஜஸ்தான் கொல்லர்கள் அடித்துக் கொடுத்தவை. முழுக் கவசத்தோடு பாலைவன வெயிலில் நடித்த சூட்டைப் பற்றித் திலீப் குமாரே பின்னாளில் பேசியிருக்கிறார். அந்தப் போருக்கு 2,000 ஒட்டகம், 400 குதிரை, 8,000 வீரர்கள். ஆட்களில் பெரும்பாலோர் இந்திய ராணுவத்தினர்.

எங்கள் அப்பா நாடக டிரஸ் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். அங்கே கவசம் என்றால் அட்டையில் ஒட்டிய ஜிகினாத்தாள்தான். சின்னப் பையனாக இருந்தபோதே ஒரு கையில் நாலு தூக்குவேன். அதை மாட்டிக்கொண்டு ராஜபார்ட் சட்டென்று திரும்பினால் உடம்பு முன்னால் போகும், கவசம் அப்புறம்தான் வரும். இரும்பு அப்படி விடாது. தோளைப் பிடித்து அழுத்தும், நடை தானாகவே நிதானமாகும். பேரனை அந்த நடையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

படத்தின் துணிமணிக்கும் இதே சிரத்தைதான். செருப்பு ஆக்ராவிலிருந்து, நகை ஹைதராபாத் பொற்கொல்லர்களிடமிருந்து, கிரீடம் கோலாப்பூரிலிருந்து. உடைகளைத் தைத்தவர்கள் ஜர்தோசி என்கிற தங்கக் கம்பி எம்பிராய்டரி தெரிந்த தில்லி தையற்காரர்கள். இப்போது நம் ஊரில் கல்யாண பிளவுஸுக்கு ஆரி வேலை செய்கிறார்களே, அதுபோல மரச்சட்டத்தில் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டுவார்கள். கம்பிச் சுருளைப் பொடிப்பொடியாக நறுக்கி, மணி கோப்பதுபோல் ஊசியில் கோத்துக் கோத்துத் தைப்பார்கள். கண் வலிக்கிற வேலை. 1960-ல் வந்தபோது படத்தின் பெரும்பகுதி கறுப்பு வெள்ளை என்பதால் அந்தத் தங்க நிறம் தெரியாமலே போனது. கண்ணாடி மாளிகைப் பாட்டும் கடைசிப் பகுதியில் சில ரீல்களும் அப்போதே வண்ணத்தில் எடுத்தவை. அந்தப் பாட்டை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

ஒன்று மட்டும் எனக்கு மனசு ஒப்பவில்லை. சிறைக் காட்சிகளில் கதாநாயகி மதுபாலாவுக்குப் பூட்டியதும் நிஜச் சங்கிலிதான். பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை அவருக்கு. 1969-ல் 36 வயதில் போய்விட்டார். கவசத்துக்கு இரும்பு வேண்டும், சரி. அந்தச் சங்கிலிக்கு வேண்டியதில்லை. அப்பா கடையில் மரத்தில் செதுக்கிக் கறுப்பு அடித்த சங்கிலி ஒன்று ஆணியில் தொங்கும். மதுபாலா கையில் அதைக் கொடுத்திருந்தாலும் அதே முகத்தோடுதான் நடித்திருப்பார்.