மனநல மேசையில் யார் உட்கார வேண்டும்?

வணக்கம். போன மாதம் ஒரு பொது நிகழ்ச்சியில் மனநல விழிப்புணர்வு மேசையில் தன்னார்வலராக உட்கார்ந்திருந்தேன். பலகையைப் படித்ததுமே பலர் நடையைக் கூட்டினார்கள். ஒரு பெண் துண்டறிக்கையை நான்காக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "எனக்கில்லை, தெரிஞ்ச ஒருத்தருக்கு" என்றார். யாருடைய எண்ணமும் மாறியதாகத் தெரியவில்லை. மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். போவதில் பயன் உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கட்டாயம் போங்கள். துண்டறிக்கையை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

தகவலைச் சொன்னால் போதும், மனநோயாளிகளை ஒதுக்குவது குறைந்துவிடும் என்று வெகுகாலம் நம்பினார்கள். 'இதுவும் மற்ற நோய்களைப் போல மூளையில் வரும் ஒரு நோய்தான்' என்று பல நாடுகளில் பிரச்சாரம் நடந்தது. நோயாளியைப் பழிப்பது அதனால் ஓரளவு குறைந்தது. ஆனால் 'அப்படியானால் குணமாகாது போல, தள்ளியே இருப்போம்' என்ற எண்ணம் போகவில்லை; சில ஆய்வுகளில் கூடியே இருந்தது. மனநோயோடு வாழ்கிறவரைச் சந்தித்துப் பழகுவதுதான் அந்த எண்ணத்தை அசைக்கிறது. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையமும் 2022-ல் அதைத்தான் சொன்னது.

ஆகவே ஏற்பாட்டாளர்களிடம் கேளுங்கள்: உங்கள் மேசையில் அப்படி ஒருவர் இருக்கிறாரா? காட்சிப்பொருளாக அல்ல, உங்களைப் போல இன்னொரு தன்னார்வலராக. இரவு மாத்திரை போட்டுக்கொண்டு காலையில் வேலைக்குப் போவதையும், நடுவில் ஒருமுறை எல்லாம் சரிந்து மீண்டதையும் அவர் சாதாரணமாகச் சொல்லிக் கேட்பவர், பழைய பயத்தை அப்படியே வைத்துக்கொள்வது கஷ்டம். எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை அவரே முன்கூட்டி முடிவு செய்யட்டும். தயங்குகிறவரை வற்புறுத்தவே கூடாது. வெளியே தெரிந்தால் வேலையே போய்விடக்கூடிய இடங்கள் இருக்கின்றன. அக்டோபர் 10, உலக மனநல நாளில் மருத்துவர்கள் மட்டும் பேசி முடியும் மேடைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அப்புறம் அந்தப் பெண். "தெரிஞ்ச ஒருத்தர்" யார் என்று துருவாதீர்கள். "அவர் சரியாகத் தூங்குகிறாரா? உங்களோடு பேசுகிறாரா?" என்று கேளுங்கள். பதில் எதுவானாலும் நோய்க்குப் பெயர் வைக்க வேண்டாம். எங்கே, யாரிடம் போகலாம் என்று சொன்னால் போதும். சாவைப் பற்றிய பேச்சு வந்தால் பதறாமல், "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. ஆமாம் என்றால் தனியே அனுப்பாதீர்கள். உதவி கைக்கு வரும்வரை கூடவே இருங்கள். இதற்கான அடிப்படைப் பயிற்சியை உங்களுக்குத் தராமல் மேசையில் உட்காரவைப்பது நியாயமில்லை, அதையும் கேட்டு வாங்குங்கள்.

ஒரு சந்திப்பின் விளைவு நாள்பட மங்கிவிடும். அடுத்த நிகழ்ச்சியிலும் அதே இடத்தில் அதே முகங்கள் இருந்தால், இந்த முறை நடையைக் கூட்டியவர் அப்போது நிற்கக்கூடும். ஏற்பாட்டாளர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்