வாடகை அறையில் சோப்புத் தொழில்: சரி என்று சொல்லலாமா?

கேள்வி: நானும் என் கணவரும் மட்டும் இருக்கும் வீட்டில் ஓர் அறையை எட்டு மாதமாக ஒரு பெண்ணுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். சமையலறையும் குளியலறையும் பொது. நல்ல பெண், வாடகை ஒருநாள்கூடத் தாமதமானதில்லை. இப்போது வீட்டிலேயே சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்து இணையத்தில் விற்கலாமா என்று கேட்கிறாள். மறுக்க மனம் வரவில்லை. சரி சொல்லவும் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: இப்படிக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். அந்தத் தொழிலால் உங்கள் வாசலைத் தாண்டி உள்ளே என்ன வரும்? மடிக்கணினியில் கணக்கு எழுதுபவர், மொழிபெயர்ப்பவர் என்றால் பெரும்பாலும் ஒன்றும் வராது. அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. இவர் கேட்பது அந்த ரகம் அல்ல. எண்ணெயும் மெழுகும் காரமும் உள்ளே வரும், பெட்டிகள் வெளியே போகும், அவற்றில் சில திரும்பியும் வரும்.

முதலில் சோப்பு. எண்ணெயைச் சோப்பாக்குவது காஸ்டிக் சோடா. மேலே காரம் என்றது இதைத்தான்; தோலை அரிக்கும் வேதிப்பொருள். அதைத் தண்ணீரில் போட்டதும் கரைசல் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறும். மூக்கைக் காந்தும் ஆவி கிளம்பும். எப்போதும் தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும்; மாற்றிச் சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தில் கலந்தாலோ, பாத்திரம் அரிக்கப்பட்டு, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளியாகும். இப்போது உங்கள் சமையலறையை நினைத்துப் பாருங்கள். பார்வைக்கு உப்பையும் சர்க்கரையையும் போல வெள்ளை வெளேரென்று இருக்கும் அந்தப் பொருள் எந்த அலமாரியில் இருக்கப்போகிறது? கண்ணாடி போடாமல் டப்பாவைத் திறக்கும் வயதில் இருப்பவர்கள் உள்ள வீட்டில், பொதுச் சமையலறையில் காஸ்டிக் சோடா கூடாது என்பதே என் கருத்து. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அதற்காகச் சோப்பையே மறுக்க வேண்டியதில்லை. காரம் சேர்க்கும் வேலை முடிந்த சோப்புக் கட்டிகள் விற்பனைக்குக் கிடைக்கின்றன. அவற்றை உருக்கி, நிறமும் மணமும் சேர்த்து, அச்சில் ஊற்றினால் போதும். சில மணி நேரத்தில் இறுகிவிடும். எண்ணெயிலிருந்து தொடங்கினால் சோப்பு பக்குவப்பட 4 முதல் 6 வாரம் காற்றோட்டமாகக் காய வேண்டும். அத்தனை நாளும் தட்டுத்தட்டாக எங்கே அடுக்குவது? முதலில் அவருடைய அறையில்தான் இருக்கும். பிறகு நடைபாதைக்கு வரும்.

மெழுகுவர்த்தியில் கவனம் வேறு இடத்தில் வேண்டும். மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது. கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்க வேண்டும். உருகி முடியும்வரை பக்கத்தை விட்டு நகரக் கூடாது. அதிகச் சூடேறித் தீப்பிடித்த மெழுகில் தண்ணீரை ஊற்றினால், தண்ணீர் நொடியில் ஆவியாகி எரியும் மெழுகை நாலாபுறமும் வாரியிறைக்கும். அடுப்பை அணைத்து மூடியால் மூடுவதுதான் வழி. இதை அந்தப் பெண் உங்களுக்குச் சொல்லித் தருகிறாரா, நீங்கள் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதிலேயே பாதி விடை தெரிந்துவிடும். மிச்ச மெழுகைத் தொட்டியில் கொட்டினால் குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வாசனையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மணத்துக்காகச் சேர்க்கும் எண்ணெய்கள் அறைக் கதவோடு நிற்காது. உங்களில் யாருக்காவது ஆஸ்துமா, ஒற்றைத் தலைவலி இருந்தால் தயங்காமல் அதையே காரணமாகச் சொல்லலாம்.

இனி காகித வேலை. வீட்டுக் காப்பீடு பொதுவாகக் குடியிருப்புக்கு மட்டும் எடுக்கப்படுவது. உள்ளே தயாரிப்பு நடப்பதைச் சொல்லாமல் இருந்துவிட்டுத் தீ விபத்துக்குப் பணம் கேட்டால், நிறுவனம் கையை விரிக்க வாய்ப்பு உண்டு. எனவே தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் தெரிவித்து, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். தொலைபேசியில் ஒருவர் ‘பரவாயில்லை’ என்றது பின்னால் உதவாது. வீட்டுக் கடன் இருந்தால் அதன் நிபந்தனைகளையும், அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சங்க விதிகளையும் படித்துவிடுங்கள். பல நாடுகளில் உடலில் பூசும் சோப்பு அழகுசாதனப் பொருள் விதிகளுக்குள் வருகிறது. உரிமம், முகப்புச் சீட்டில் இருக்க வேண்டிய விவரங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. வாங்கியவருக்குத் தோல் அரித்தால் வரும் நஷ்டஈட்டுக்கான காப்பீடும் அவர் பெயரில்தான் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது முகவரியை. தொழிலை உங்கள் வீட்டு முகவரியில் பதிவு செய்துவிட்டால், அவர் அறையைக் காலி செய்து போன பிறகும் வரி அலுவலகக் கடிதமும் கடன்காரர்களும் திரும்பி வரும் பார்சலும் உங்கள் கதவைத்தான் தட்டும். தபால் பெட்டி ஒன்று எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சட்டப்படி வீட்டு முகவரி கட்டாயம் என்றால், காலி செய்யும் முன் முகவரியை மாற்றிய சான்றைக் காட்டிய பிறகே முன்பணம் திரும்பக் கிடைக்கும் என்று பேசிவைக்கலாம். அப்படி நிபந்தனை போட உங்கள் ஊர்ச் சட்டம் இடம் தருகிறதா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பணம் பற்றி ஓர் எச்சரிக்கை. ‘லாபத்தில் கொஞ்சம் தருகிறேன் ஆன்ட்டி’ என்று அவர் ஆசையாகச் சொல்லக்கூடும். வேண்டாம். லாபத்தில் பங்கு வாங்கினால் நாளை தகராறு வரும்போது உங்களையும் கூட்டாளி என்று சொல்ல இடம் கிடைக்கும். மின்சாரத்துக்கு மட்டும் கணக்கிட்டு வாங்குங்கள். 1500 வாட் மின் அடுப்பு நாளுக்கு 3 மணி நேரம், மாதத்தில் 20 நாள் எரிந்தால் 90 யூனிட். உங்கள் ரசீதில் உள்ள விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். வீட்டு இணைப்பைத் தொழிலுக்குப் பயன்படுத்தினால் வேறு கட்டணம் விதிக்கும் ஊர்களும் உண்டு என்பதால் மின் அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் மூன்று மாதத்துக்கு மட்டும் சம்மதிப்பேன். ஒரு தாளில் இப்படி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும்: ‘காஸ்டிக் சோடா வீட்டுக்குள் வராது. உருக்கும் வேலை வாரத்தில் மூன்று நாள், காலை பத்து முதல் ஒரு மணி வரை மட்டும். சரக்கு அறைக்குள்ளேயே இருக்கும். வாங்குபவர்கள் வீட்டுக்கு வரமாட்டார்கள். இரு தரப்பில் யார் நிறுத்தச் சொன்னாலும் பதினைந்து நாளில் தொழில் நிற்கும். அறை வாடகை ஒப்பந்தம் தொடரும்.’ அந்தக் கடைசி வரி முக்கியம். அது இல்லாவிட்டால், தொழிலை நிறுத்தச் சொல்வது வீட்டைவிட்டுப் போகச் சொல்வதாகிவிடும். அந்தச் சங்கடத்துக்குப் பயந்தே பலர் வருடக்கணக்கில் வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள்.

கேட்டுப் பார்த்து மறுப்பதுதான் உங்கள் முடிவு என்றால் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். அச்சுகளும் மெழுகு மூட்டையும் வந்து இறங்கிய பிறகு சொன்னால், நஷ்டம் யாருடையது என்ற பேச்சுதான் முதலில் எழும்.