எச்.ஐ.வி.யோடு எம்.டி.ஆர். காசநோயும் வந்தால்: மலைவாசகர் கேள்விகள்

டாக்டர், பல வருஷமாக எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறேன். இப்போது எம்.டி.ஆர். டி.பி. என்கிறார்கள். இரண்டையும் சேர்த்து உடம்பு தாங்குமா? (தோட்டத் தொழிலாளி, கூடலூர்)

தாங்கும். பயந்துபோய் ஒன்றை நிறுத்திவிடாதீர்கள், அதுதான் ஆபத்து. ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்குமே கிருமி அடங்காவிட்டால் எம்.டி.ஆர். என்கிறோம். முன்பெல்லாம் ஒன்றரை வருஷத்துக்கு மேல் மருந்து, மாதக்கணக்கில் ஊசி. இப்போது பெடாகுயிலின், ப்ரெட்டோமனிட், லினசோலிட், மாக்ஸிஃபிளாக்சசின் ஆகிய நான்கையும் ஆறு மாதம் விழுங்கினால் போதும். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது. இந்தியாவில் 2024-இல் அனுமதித்தார்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் இதையே கொடுக்கலாம்.

உங்கள் ஏ.ஆர்.டி. மாத்திரையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எஃபாவிரென்ஸ் இருந்தால் ரத்தத்தில் பெடாகுயிலின் அளவு இறங்கிவிடும், மாற்றியாக வேண்டும். சிடோவுடின் இருந்தால் லினசோலிட்டோடு சேர்ந்து ரத்தசோகையைக் கூட்டும். டொலுடெக்ராவிர் இருந்தால் கவலையில்லை. சாதாரண டி.பி.க்கு ரிஃபாம்பிசின் கொடுக்கும்போது டொலுடெக்ராவிரை ஒரு நாளைக்கு இரண்டு வேளையாக்குவோம். எம்.டி.ஆர்.க்கான இந்த நான்கு மருந்துகளோடு ஒரு வேளையே போதும். அதனால் டி.பி. பிரிவுக்குப் போகும்போது ஏ.ஆர்.டி. புத்தகத்தையும், ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகும்போது டி.பி. அட்டையையும் கட்டாயம் காட்டுங்கள். கேட்டால்தான் காட்டுவேன் என்று இருக்க வேண்டாம்.

இன்னொன்று. ஈரத்தில் நின்று கொழுந்து பறிப்பவர்கள் கால் மரத்துப்போனால் "பனிக்கு அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். லினசோலிட் சாப்பிடுபவருக்குப் பாதம் எரிந்தாலோ மரத்தாலோ அது நரம்பு பாதிக்கப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம். பார்வை மங்கினாலும், பார்க்கும் பொருள்களின் நிறம் வெளிறித் தெரிந்தாலும் அன்றே சொல்லுங்கள். இ.சி.ஜி.க்கும் ரத்தப் பரிசோதனைக்கும் வரச் சொன்ன தேதியைத் தவறவிடாதீர்கள். பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் போவது எனக்குத் தெரியும்; ஆனாலும் வாருங்கள்.

சளியில் கிருமி இல்லை, எக்ஸ்ரேயும் நன்றாக இருக்கிறது. ஆனால் என் தம்பிக்குக் காய்ச்சல் விடவில்லை, இளைத்துக்கொண்டே போகிறான். அவனுக்கு எச்.ஐ.வி. உண்டு. (கோத்தகிரி)

அதோடு விட்டுவிடாதீர்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குச் சளியில் கிருமி குறைவாகவே வரும், எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியாமல் போகலாம். கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் பரிசோதனை கேளுங்கள். ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் அன்றே சொல்லிவிடும்.

இந்தக் குளிருக்கு மெடிக்கலில் இருமல் சிரப் வாங்கிக் குடிக்கலாமா? (கொடைக்கானல்)

லினசோலிட் சாப்பிடும் காலம் முழுக்க, டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். சில சிரப்களில் உள்ள சூடோஎபிட்ரின் அதோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஏறும், டெக்ஸ்ட்ரோமெத்தார்பனும் ஆகாது. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரையையும் மற்ற மருந்துகளோடு ஒன்றாக விழுங்க வேண்டாம். எத்தனை மணி நேரம் இடைவெளி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை செய்யும் இடத்தில் எச்.ஐ.வி. விஷயத்தைச் சொல்ல வேண்டுமா? (குன்னூர்)

வேண்டாம். 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் உங்கள் பக்கம்.

லைன் வீட்டில் ஆறு பேர் இருக்கிறோம். பிள்ளைகளுக்கு ஒட்டுமா? (பந்தலூருக்கு அருகே)

ஒட்டலாம். எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும். எம்.டி.ஆர். நோயாளியோடு இருப்பவர்களுக்கு ஐசோனியாசிட் தடுப்பு மாத்திரையை நம்ப முடியாது. ஆறு மாதம் லெவோஃபிளாக்சசின் கொடுக்கலாம் என்று 2024-இல் பரிந்துரை வந்திருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். நோயாளி தனியாகப் படுக்கட்டும், மாஸ்க் போடட்டும். குளிருக்குப் பயந்து ஜன்னலை நாள் முழுக்கச் சாத்தி வைக்காதீர்கள். வெயில் இருக்கும்போதாவது திறந்து வையுங்கள்.