பினாங்கில் சாலை வேலையில் தம்பியின் இரண்டு விரல்கள் நசுங்கிவிட்டன. முதலாளி 500 ரிங்கிட் கொடுத்து முடித்துக்கொள்ளச் சொல்கிறார். வாங்கலாமா?

பணத்துக்காக எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். இழப்பீடு முதலாளியின் தயவு இல்லை, 1969-ஆம் ஆண்டின் சொக்சோ (மலேசியத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சட்டம் தரும் உரிமை. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் 2019 ஜனவரி முதல் வேலையிட விபத்துப் பாதுகாப்பு உண்டு. தம்பி தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்தவர் என்றாலும் கவலை வேண்டாம்.

விபத்தை 48 மணி நேரத்துக்குள் சொக்சோவிடம் தெரிவிப்பது முதலாளியின் கடமை. அவர் இழுத்தடித்தால் நீங்களே சொக்சோ அலுவலகத்துக்குப் போங்கள். மருத்துவரிடம் "வேலையில் நடந்தது" என்று தெளிவாகச் சொல்லச் சொல்லுங்கள். "வீட்டில் கதவு இடுக்கில் மாட்டியது என்று சொல்" என மண்டோர் (மேற்பார்வையாளர்) கெஞ்சினால் கேட்காதீர்கள். அந்த ஒரு பொய்யில் எத்தனையோ பேருடைய கோரிக்கை சிக்கிப்போகிறது, நினைத்தாலே மனம் பதறுகிறது.

எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) நான்கு நாளாவது இருந்தால் தினச் சராசரிச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். அந்த உதவித்தொகை பெறும் காலத்தில் வேலையை விட்டு நீக்கக்கூடாது. விரல் பழையபடி மடங்கவில்லை என்றால் நிரந்தர ஊனத்துக்குத் தனியாக விண்ணப்பியுங்கள். மருத்துவக் குழு பார்த்து விழுக்காடு நிர்ணயிக்கும்.

எம்.சி., சம்பளச் சீட்டு, காயத்தின் படம், உடன் வேலை செய்தவரின் தொலைபேசி எண், எல்லாவற்றையும் இன்றே பத்திரப்படுத்துங்கள்.