காந்த அளவீட்டில் இடம்மாறும் உச்சி

கேள்வி: தர்மபுரிக்கு அருகே டோலரைட் டைக் (பிற பாறையின் பிளவில் சுவர்போல் உறைந்த கரும் எரிமப் பாறை) ஒன்றின் குறுக்கே காந்த அளவீடு எடுத்தோம். அளவீட்டு வளைவின் உச்சி டைக்கின் நேர்மேலே அமையவில்லை. பகுப்பாய்வுச் சைகையை எவ்வாறு கணக்கிடுவது?
– கல்லூரி மாணவி, பாலக்கோடு

பதில்: கருவியைச் சந்தேகிக்க வேண்டாம். நம் மாவட்டம் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் புவிக்காந்தப் புலம் ஏறத்தாழக் கிடையாக இருக்கிறது; உச்சி விலகுவது இயல்பே. சம இடைவெளி மதிப்புகளிலிருந்து கிடைச் சரிவை (அளவீட்டுக் கோட்டின் வழியே புலம் மாறும் வீதத்தை) கண்டு, அதன் ஹில்பர்ட் உருமாற்றமாக (ஒவ்வோர் அலைக்கூறின் கட்டத்தையும் 90 பாகை நகர்த்தும் கணக்கு) செங்குத்துச் சரிவைப் பெற்று, இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள்; அதுவே பகுப்பாய்வுச் சைகையின் வீச்சு. புவி இயற்பியலாளர் நபிகியன் 1972இல் காட்டியபடி, நீண்டு கிடக்கும் பாறைக்கு இவ்வீச்சு காந்தமாக்கத் திசையைச் சார்வதில்லை. மெல்லிய டைக் எனில், பாதி உயரத்தில் இவ்வீச்சு வளைவின் அகலம் ஆழத்தைப் போல் 2 மடங்கு. சரிவு காண்பது இரைச்சலையும் பெருக்கும் என்பதால், இரும்பு வேலி, மின்கம்பி அருகே எடுத்த புள்ளிகளை முதலிலேயே நீக்கி, இடைவெளியை இடைச்செருகலால் (அக்கம்பக்க மதிப்புகளிலிருந்து கணித்து) நிரப்புங்கள். இதில் மட்டும் அவசரப்படாதீர்கள்.