கொலராடோவில் எல்க் வேட்டை: சாலை முடிந்த பிறகு

கேள்வி: அண்ணா, எல்க் என்னும் பெரிய மானை வேட்டையாட, வேட்டைக்காரர் கூட்டமில்லாத இடத்தை வீட்டில் இருந்தபடியே கண்டுபிடிக்க முடியுமா?

பாதி வேலை வீட்டிலேயே முடிந்துவிடும். அமெரிக்க வனத்துறை இலவசமாகத் தரும் வாகனப் பாதை வரைபடத்தை எடுத்து, எந்தப் பாதையிலிருந்தும் 2 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் துண்டுகளைக் குறியுங்கள். அப்புறம் செயற்கைக்கோள் படத்தில், வடக்குச் சரிவில் அடர்ந்த காடும் பக்கத்தில் புல்வெளியும் தண்ணீரும் சேர்ந்திருக்கும் இடத்தைத் தேடுங்கள். பகலில் எல்க் அந்த இருட்டுக் காட்டில் படுத்திருக்கும். விடியலிலும் அந்தியிலும் மேய வரும்.

கேள்வி: ஆகஸ்டு கடைசியில் நேரில் போனால் எதைக் கவனிப்பது?

சேற்றுக் குழிகளை. செப்டம்பர் இணைசேரும் பருவத்தில் ஆண் எல்க் அவற்றில் புரளும். தண்ணீர் கலங்கி, கரையில் முடி ஒட்டி, சுற்றியுள்ள மரங்களில் ஈரச் சேறு அப்பியிருந்தால் அது இப்போது புழங்கும் குழி. தெளிந்திருந்தால் காத்திருக்காதீர்கள். காற்றையும் பாருங்கள்: வெயில் ஏறியதும் காற்று சரிவில் மேலேறும், அந்தியில் கீழிறங்கும். உங்கள் வாடை போகும் பக்கம் எல்க் நிற்காது.

கேள்வி: கொலராடோவின் ஃபிளாட் டாப்ஸ் என்னும் பாதுகாக்கப்பட்ட வனாந்தரத்துக்குள் மின்சார சைக்கிளில் போகலாமா?

கூடாது. 1964-ஆம் ஆண்டு வனாந்தரப் பாதுகாப்புச் சட்டப்படி சாதா சைக்கிளுக்கும் அனுமதி இல்லை. இறைச்சி ஏற்றும் கைவண்டிக்கும் இல்லை. நடை அல்லது குதிரைதான்.

கேள்வி: தனியாகப் போகிறேன். எவ்வளவு தூரம் உள்ளே போகலாம் சார்?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும். பெரிய ஆண் எல்க் 300 கிலோவைத் தொடும். எலும்பு நீக்கினாலும் ஏறத்தாழ 100 கிலோ இறைச்சி. ஒரு நடைக்கு 25 கிலோ என்றால் நான்கு சுமை, நடுவில் மூன்று முறை வெறுங்கையோடு திரும்ப வேண்டும். 8 கிலோமீட்டர் உள்ளே சுட்டால் 56 கிலோமீட்டர் நடை! செப்டம்பர் வெயிலில் அதற்குள் இறைச்சி கெட்டுவிடும். உண்ணத்தக்க இறைச்சியை வீணாக்குவது கொலராடோவில் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் ஓர் உயிரை எடுத்துவிட்டு அழுகவிடுவதை என்னால் ஏற்க முடியாது. தனி ஆளுக்கு 3 கிலோமீட்டர் போதும் என்பேன். அதற்கு மேல் போவதானால், சுமை இறக்கித் தரும் குதிரைக்காரரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். வண்டி நிற்கும் இடத்தைவிடத் தாழ்ந்த பள்ளத்தாக்கையும் தவிருங்கள், சுமையோடு ஏற வேண்டிவரும். சுட்டதும் தோலை உரித்து, துணிப்பையில் போட்டு, காற்றோட்டமான நிழலில் தொங்கவிடுங்கள்.

கேள்வி: கைப்பேசி சிக்னல் கிடைக்குமா?

நம்பாதீர்கள். செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி ஒன்று கையில் இருக்கட்டும். எங்கே முகாம், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.