ஸ்பானிய மொழியின் கற்கட்டுமானச் சொற்களை ஆங்கிலத்தில் எப்படி மொழிபெயர்ப்பது?

'சியார்', 'காந்தேரா', 'அல்ஃபீஸ்' ஆகிய சொற்களுக்கு அகராதி தரும் ஆங்கிலச் சொற்கள் உங்கள் ஆவணத்தில் பொருந்தவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அகராதியைத் திறப்பதற்கு முன், ஆவணம் எந்த நாட்டுக் கட்டடத்தைப் பற்றியது என்று பாருங்கள். நான் இதைத் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன்.

பெரு நாட்டின் அரேக்கிப்பா நகரத்துப் பழைய வீடுகளைப் பற்றிய கையேடு ஒன்றை மொழிபெயர்க்கும் வேலை வந்தது. ஸ்பெயினில் 'சியார்' என்றால் சதுரித்துச் செதுக்கிய கட்டுமானக் கல், ஆங்கிலத்தில் 'ஆஷ்லர்'. கண்ட இடமெல்லாம் அதையே எழுதிக்கொண்டு போன நான், 'சியார் வெட்டி எடுக்கும் குவாரி' என்ற தொடரைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். செதுக்கி முடித்த கல்லை யாராவது மண்ணிலிருந்து வெட்டி எடுப்பார்களா? அரேக்கிப்பாவில் சியார் என்பது கல்லின் வடிவத்தைக் குறிக்கவில்லை, கல்லின் வகையையே குறிக்கிறது: எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான, பெரும்பாலும் வெள்ளையும் சில இடங்களில் இளஞ்சிவப்புமான, உளிக்கு எளிதில் இணங்கும் கல். 2000-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அந்நகரின் மையப்பகுதிக்கு அடையாளமே அந்தக் கல்தான். ஆகவே 'ஆஷ்லர்' அனைத்தையும் நீக்கிவிட்டு, ஆங்கிலத்திலும் 'சியார்' என்றே வைத்து, முதலில் வரும் இடத்தில் மட்டும் அது எரிமலைக் கல் என்று ஒரு சிறு விளக்கம் சேர்த்தேன்.

'காந்தேரா'வின் கதையும் இதுதான். ஸ்பெயினில் அது குவாரி. மெக்சிகோவில் குவாரியிலிருந்து வரும் கல்லுக்கும் அதே பெயர். மொரேலியா நகரத்துப் பேராலயம் 'காந்தேரா ரோசா'வால் கட்டப்பட்டது என்பதை ஸ்பெயின் வழக்கில் வாசித்தால், இளஞ்சிவப்புக் குவாரியைக் கொண்டு கோயில் எழுப்பியதாக முடியும்.

ஒரே நாட்டுக்குள்ளும் இடறும் சொற்கள் உண்டு. 'சியேரியா' என்பது செதுக்கிய கல்லால் ஆன சுவர். ஆனால் 'சியேரியா தெல் கோரோ' என்று வந்தால், அது தேவாலயத்தில் பாடற்குழுவினர் அமரும் இருக்கை வரிசை. பெரும்பாலும் மரத்தால் ஆனது, கல்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 'க்ளாவே' என்ற பூட்டுக்கல் வளைவின் உச்சியில் இருந்தால் 'கீஸ்டோன்'. விலா வளைவுகள் கூடும் கூரை உச்சியில் இருந்தால் 'பாஸ்' (boss) என்பதே கட்டடக்கலை நூல்களின் வழக்கம். எங்கே இருக்கிறது என்பதை வாக்கியம் சொல்லாதபோது, வாடிக்கையாளரிடம் தயங்காமல் படம் கேட்டு வாங்குங்கள். 'மாம்போஸ்தெரியா' பழைய ஸ்பானியக் கோட்டையில் செதுக்காத கல்லும் சாந்தும் சேர்ந்த சுவர். மெக்சிகோவின் இன்றைய பொறியியல் ஆவணத்திலோ செங்கல் சுவரும் அந்தப் பெயருக்குள் அடங்கும். அங்கே செதுக்காத கல்லைக் குறிக்கும் 'ரபிள்' என்று எழுதினால் பொறியாளர் சிரிப்பார்.

'அல்ஃபீஸ்' மட்டும் வேறு வகை. அரபு மொழியிலிருந்து வந்த அந்தச் சொல், வளைவைச் சுற்றிச் செவ்வகமாக ஓடும் புடைப்புச் சட்டத்தைக் குறிக்கிறது. ஸ்பெயினின் கோர்தோபா மசூதியின் வாயில்களில் அதைத் தெளிவாகப் பார்க்கலாம். ஆங்கில நூல்களே அதை 'அல்ஃபீஸ்' என்று எழுதுவதால், நீங்களும் அப்படியே விட்டுவிடலாம்.